சென்னை – திருச்சி சாலையில் மின்கார் சார்ஜிங்: ஐந்துக்கு இரண்டரை

இது கார் விமர்சனம் இல்லை. எங்களிடம் இருப்பது டாடா நெக்ஸான் இ.வி., 40.5 யூனிட் பேட்டரி மாடல், 2023 கடைசியில் எடுத்தது. வண்டி மேல் எனக்குக் குறை கிடையாது. ஊருக்குள் ஓட்ட இதைவிடச் சுகமான காரில் நான் உட்கார்ந்ததில்லை. நான் மதிப்பெண் போட வந்தது நெடுஞ்சாலையில் அந்தக் காருக்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கிறார்களே, அந்தச் சேவைக்கு. குரோம்பேட்டையிலிருந்து திருச்சி வரை, மே மாத வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு, மாமியாரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நானும் கணவரும் போய் வந்தோம். நாத்தனாரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். போகும்போது ஒரு மாதிரி, திரும்பும்போது வேறு மாதிரி. இரண்டையும் சேர்த்துத்தான் ஐந்துக்கு இரண்டரை. அதில் அந்த அரை யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் தொழில் வருமான வரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது. எதையும் முதலில் பில்லாகப் பார்த்துத்தான் பழக்கம். இந்தக் காரை வாங்க வைத்ததும் பில்தான். 2019 ஆகஸ்ட் 1 முதல் மின் வாகனத்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றியபோது, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம் என்று ஆனது. மின்காருக்கோ மாநில அரசின் 2023 மின்வாகனக் கொள்கைப்படி 2025 முடியும்வரை அந்த வரி முழுக்கத் தள்ளுபடி என்று இருந்தது. 15 லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டுமே 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். இன்னொரு சலுகையும் இருந்தது: மின்வாகனக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் 80இஇபி பிரிவு. 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி ஆனவர்களுக்கு மட்டும். என்னிடம் வருபவர்களில் இரண்டொருவர் அதை இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாங்கும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். போகட்டும். மொத்தத்தில், வாங்கும் இடத்தில் அரசு கையைச் சுருக்கவில்லை. வாங்கின பிறகு, தினப்படி ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

ஊருக்குள் இருக்கும்வரை எனக்குச் சாலையோர சார்ஜரே தேவைப்படவில்லை. எங்கள் அடுக்ககத்தில் என் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனிக் கேபிள் இழுத்து, 15 ஆம்பியர் பாயின்ட் போட்டிருக்கிறேன். அதற்குச் சங்கத்தில் நடந்த பஞ்சாயத்து பெரிய கதை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு, கேபிள் பொதுச் சுவரில் போகலாமா, இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே என்று மூன்று கூட்டம் ஓடியது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாக இருந்தது. அதை அச்சடித்துக் கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்தேன். அப்புறம்தான் வழிக்கு வந்தார்கள். புதுக் கட்டடம் என்றால் இந்தத் தகராறு குறைய வேண்டும். பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு மின்வாகன வசதி வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகளில் 2019-லேயே சேர்த்துவிட்டார்கள். எங்களுடையது அதற்கு முன்னால் கட்டியது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் பாதிக் கட்டடம் அப்படித்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் கார் ஏறினால் ஸ்லாப் தாண்டும். 800 யூனிட்டுக்கு மேல் போனால் அந்த மேல் யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இதைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் வரவில்லை.

சரி, சாலைக்கு வருவோம்.

கம்பெனி சொல்லும் தூரம் 465 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்துத் தூரம். நாலு பேர், பின்னால் சீர்வரிசைச் சாமான், ஏசி, 90-க்கு மேல் வேகம் என்றால் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக, முழுச் சார்ஜில் 240 சொச்சம். குரோம்பேட்டையிலிருந்து திருச்சி 300 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரு முறை நிறுத்தியே ஆக வேண்டும். விக்கிரவாண்டியில் டிபன் சாப்பிட்டபடியே சார்ஜ் போட்டுவிடலாம் என்பது திட்டம். சென்னையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸும் காரும் எப்படியும் அங்கேதான் நிற்கும். இட்லிக்கும் கழிப்பறைக்கும் பஞ்சமில்லாத ஊர்.

விக்கிரவாண்டியில் ஓர் உணவு விடுதி வளாகத்தில் இரண்டு சார்ஜர் நிற்கின்றன. செயலியில் இரண்டுமே பச்சை, அதாவது காலி, வேலை செய்கிறது என்று அர்த்தம். நேரில் போய்ப் பார்த்தால் ஒன்றில் திரையே இருட்டு. பக்கவாட்டில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. இன்னொன்றில் விளக்கு எரிந்தது. கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் பிளக்கை, எடுத்துக் காரில் செருகினேன். பூட்டு விழும் சத்தம் கேட்டது, திரையில் "இணைக்கிறது" என்று ஓடியது, ஒரு நிமிடம் கழித்துச் சிவப்பாக ஏதோ பிழை எண் வந்து நின்றது. மறுபடி செருகினாலும் அதே எண். பக்கத்தில் இருக்கும் அவசரநிறுத்தச் சிவப்புப் பொத்தானைத் திருகி விட்டுப் பார்க்கும் வித்தை எனக்குத் தெரியும். அதையும் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இயந்திரத்தில் ஒட்டியிருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டால், இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு வந்து, "இங்கிருந்தே ரீஸ்டார்ட் செய்கிறோம், பத்து நிமிஷம் காத்திருங்கள்" என்றார்கள். காத்திருந்தோம். மறுபடி கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கதை கேட்டார். விடுதியில் கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர் நியாயமாகவே பதில் சொன்னார்: "இடம் மட்டும்தாங்க நாங்க குடுத்திருக்கோம். மெஷின் கம்பெனியோடது. ரிப்பேர்னா மெட்ராஸ்ல இருந்து ஆள் வரணும். சொல்லி ரொம்ப நாளாச்சு." மெஷின் வைத்தவர் ஒருவர், இடம் கொடுத்தவர் ஒருவர், கரண்ட் கொடுப்பது மின்வாரியம், பணம் வாங்குவது ஒரு செயலி. நாலு பேரில் எவரும் நான் புறப்பட முடியாமல் நிற்பதற்குப் பொறுப்பில்லை.

இதற்குக் காரணம் அந்த ஒரு கம்பெனியின் அலட்சியம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நம் கொள்கையே எண்ணிக்கையைத்தான் துரத்துகிறது. 2018 டிசம்பர் வழிகாட்டுதலிலேயே நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, நகரத்தில் 3-க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று என்று எழுதிவிட்டார்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டமான ஃபேம்-2-இல் 7,432 வேக சார்ஜிங் நிலையங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இப்போது பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி பொது சார்ஜிங்குக்கு. எண்ணிக்கையும் ஏறித்தான் இருக்கிறது: 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க 12,146 பொது நிலையங்கள் என்றார்கள், அதே ஆண்டு டிசம்பரில் 25,000-ஐத் தாண்டிவிட்டது. பத்து மாதத்தில் இரண்டு மடங்கு. ஆனால் அந்தக் கணக்கில் விக்கிரவாண்டியில் சிலந்தி குடியிருக்கிற மெஷினும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கல்வெட்டும் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து பார்க்காத கதை.

இடம் மாற்றிக்கொண்டு கிளம்பினோம். பேட்டரியில் 43 சதவீதம் இருந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் ஒன்று கிடைத்துவிடும் என்று தெரியும், அதனால் பயமில்லை, எரிச்சல்தான். மாமியார் மட்டும், "பெட்ரோல் வண்டியா இருந்தா இந்நேரம் திருச்சிக்கே போயிருக்கலாமேம்மா" என்றார். "இதோ வந்துடும் அத்தை" என்று சொல்லி ஏசியை ஒரு படி ஏற்றினேன். வாக்குவாதத்துக்கு ஆகும் யூனிட்டைவிட அது குறைவு.

உளுந்தூர்பேட்டை பக்கத்தில் சாலையோரச் சைவ உணவகம் ஒன்றில் 60 கிலோவாட் சார்ஜர். இரண்டு கன். ஒரு இடத்தில் டீசல் இன்னோவா நின்றது. இங்கேதான் அந்த அரை மதிப்பெண் வருகிறது. வாசலில் இருந்த செக்யூரிட்டி, வயது அறுபது இருக்கும், எங்கள் பச்சை நம்பர் பிளேட்டைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு விசில் ஊதிக்கொண்டே உள்ளே போய் இன்னோவாக்காரரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கூட்டிவந்துவிட்டார். "இது கரண்டு வண்டி நிக்கிற எடம் சார், போர்டு போட்ருக்கு பாருங்க." அவர் முணுமுணுத்தபடி எடுத்தார். அதோடு முடியவில்லை. கேபிள் கனம், வெயிலில் விறைத்துப்போய் வளைய மறுக்கும். அவரே ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். "மொதல்ல செருகிட்டு அப்புறம் போன்ல அமுக்குங்க மேடம், இது அப்படித்தான் எடுக்கும்" என்று வரிசையும் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதருக்கு இந்த மெஷினோடு சம்பளச் சம்பந்தம் எதுவும் கிடையாது. இந்தச் சாலையில் நான் பார்த்த ஒரே வாடிக்கையாளர் சேவை அவர்தான்.

ஆனால் போனில் அமுக்குவது அவ்வளவு சுலபமில்லை. என் போனில் இருந்த நாலு சார்ஜிங் செயலியில் ஒன்றும் இந்த மெஷினுக்கு ஆகாது. ஐந்தாவதை இறக்க வேண்டும். மே மாதப் பகல் ஒரு மணி, மேலே கூரை கிடையாது, வெயிலில் போன் திரையும் தெரியவில்லை, மெஷின் திரையும் தெரியவில்லை. சிக்னல் ஒரு கோடு. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்து மறுபடி கேட்கிறது. வந்தபின், வாலட்டில் குறைந்தது 500 ரூபாய் போடு என்கிறது. போட்டால், இவ்வளவு பத்தாது, இன்னும் போடு என்கிறது. பத்தடி தள்ளிப் பனைமர நிழலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா கியூஆர் அட்டையைத் தட்டில் சாய்த்து வைத்திருந்தார். பத்து நுங்கு வாங்கி, ஸ்கேன் செய்து, பணம் போய்ச் சேர்ந்ததை அவருடைய சின்னப் பெட்டி சத்தமாக அறிவித்ததும், மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினுக்கு இன்னும் அந்த அட்டை வாய்க்கவில்லை. எல்லா நிறுவனத்து சார்ஜரையும் ஒரே செயலியில் கொண்டுவரப்போவதாகவும், பெல் நிறுவனத்தை அதற்கு யோசித்து வருவதாகவும் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2025-இல் சொல்லியிருக்கிறது. வரட்டும். அதுவரை அந்த நுங்கு அட்டை மாதிரி ஒன்றை ஒட்டிவைத்தாலே எனக்குப் போதும்.

வாலட்டைப் பற்றி ஒரு தொழில்முறைப் புலம்பல். இப்போது ஐந்து செயலியில் என் பணம் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. ஒன்றில் 83 ரூபாய், ஒன்றில் 212, இன்னொன்றில் ஏதோ பைசாக்கள். மறுபடி அந்தக் கம்பெனி மெஷினுக்குப் போனால்தான் செலவாகும். திரும்பக் கேட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். வட்டியில்லாக் கடன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் வேறு வியாபாரம் என் வாடிக்கையாளர்களில் யாரிடமும் இல்லை.

ஒருவழியாக மெஷினுக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மின்விசிறிகள் இரைய ஆரம்பித்தன. பேட்டரி 24 சதவீதம். திரையில் கிலோவாட் எண் மெதுவாக ஏறி முப்பது சொச்சத்தில் நின்றது. மெஷின் 60 கொடுக்கத் தயார்தான், எங்கள் கார் வாங்குவது அவ்வளவுதான், அது மெஷின் குற்றம் இல்லை. ஐம்பது நிமிடத்தில் 85 ஆகிவிட்டது. சாப்பாடும் ஆனது. இந்த ஐம்பது நிமிடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். நாலு மணி நேரம் ஓட்டுகிறவர் ஒரு மணி நேரம் உட்காரத்தான் வேண்டும்.

பில்லைப் பார்ப்போம். 26 யூனிட், யூனிட்டுக்கு 21 ரூபாய், ஆக 546. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 98 ரூபாய் 28 காசு. மொத்தம் 644 ரூபாய் 28 காசு. வரியோடு யூனிட் 25 ரூபாயைத் தொடுகிறது. கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்க்குச் சற்று மேல். பெட்ரோல் காரைவிட இன்னும் லாபம்தான், ஆனால் வீட்டுச் செலவுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

காருக்கு 5 சதவீதம், காரை ஓட்டும் கரண்டுக்கு 18. இது எப்படி வந்தது என்பது தனி வேடிக்கை. கரண்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வீட்டு பில்லில் அந்த வரியே இருக்காது. ஆனால் 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை, சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை, ஆகவே உரிமம் வேண்டாம் என்று விளக்கம் கொடுத்தது. நல்ல முடிவு. அது இல்லையென்றால் உணவகக்காரர் சார்ஜர் வைக்கவே முடியாது. சேவை என்று சொன்ன பிறகு ஜிஎஸ்டி சும்மா விடுமா? கர்நாடகத்தில் சாமுண்டேஸ்வரி மின்விநியோக நிறுவனம் இதற்கு எவ்வளவு வரி என்று ஜிஎஸ்டி ஆணையத்திடம் முன்கூட்டியே தீர்ப்பு கேட்டுப் போனபோது, 2023-இல் இது சேவைதான், 18 சதவீதம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு துறை தந்த சலுகையின் வாலைப் பிடித்து இன்னொரு துறை வரி வாங்குகிறது.

இதில் அடிபடுவது என்னைப் போன்றவள் இல்லை. எனக்குச் சொந்த பார்க்கிங் இருக்கிறது, வருடத்தில் பெரும்பாலான யூனிட் வீட்டு மீட்டரில்தான் ஏறும். வாடகை வீட்டில் இருப்பவர், தெருவில் வண்டி நிறுத்துபவர், வீட்டுக்காரர் பாயின்ட் போட விடாதவர், இவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் சாலையோர விலைதான், ஒவ்வொரு யூனிட்டுக்கும் 18 சதவீதம். பார்க்கிங் இருப்பவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. மின்வாகனம் ஏன் பரவவில்லை என்று ஆய்வு நடத்துகிறவர்கள் முதலில் இந்த இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. பகல் 9 முதல் 4 வரை சூரிய மின்சாரம் நிறைய இருப்பதால், அந்த நேரத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மலிவாகவும் மற்ற நேரத்தில் கூடுதலாகவும் விலை வைக்கச் சொல்கிறது 2024 வழிகாட்டுதல். நான் போட்டது பகல் ஒன்றரை மணிக்கு. திரும்பும்போது போட்டது நடு இரவுக்குப் பக்கத்தில். அந்த இரண்டாவது இடத்திலும் அதே செயலிதான். இரண்டிலும் 21 ரூபாய். மலிவு எங்கேயோ நடுவில் இறங்கிக்கொண்டது.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு வாடகை மின்கார் வந்தது. பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து. அடுத்த கன்னில் போட்டுவிட்டு வந்த டிரைவர் தம்பிதான் இந்தச் சாலையின் நடமாடும் வழிகாட்டி. எந்த இடத்தில் ஒரு கன் செத்துக் கிடக்கிறது, எங்கே மழை பெய்தால் டிரிப் ஆகிறது, எங்கே இரவு பூட்டுகிறார்கள் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். "ஆப்ப நம்பாதீங்க அக்கா. கடைசியா எத்தனை மணிக்கு யாரு சார்ஜ் போட்டான்னு பாருங்க. இன்னைக்கு யாராச்சும் போட்ருந்தா மெஷின் உசுரோட இருக்கு." இதைவிட நல்ல அளவுகோலை எந்த அரசு அறிக்கையிலும் நான் படித்ததில்லை. 80-க்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் யாராவது நின்றால் எடுத்துவிட வேண்டும் என்பது இவர்களுக்குள் எழுதாத சட்டம். வரிசைக்கு டோக்கன் கிடையாது, பலகை கிடையாது, கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அந்த ஒழுங்கை அவர்களே கட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

திருச்சியில் கதை எளிது. நாத்தனார் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். புது வீட்டில் இன்னும் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்புதான், யூனிட் விலை கூடுதல். "பாயசம் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க, கரண்டு மட்டும் பாத்துப் போடுங்க" என்றார். ஓடிய யூனிட்டுக்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார் என்பதால் அதை மொய்க் கவரில் சேர்த்துவிட்டேன். 15 ஆம்பியர் சாக்கெட்டில் இரவு பத்து மணி நேரம் போட்டால் எங்கள் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். சத்தமில்லை, செயலி இல்லை, ஓடிபி இல்லை. நெடுஞ்சாலைத் தங்கும் விடுதிகள் இப்படி ஒரு சாக்கெட்டைப் பார்க்கிங்கில் வைத்து, வாடகையோடு இருநூறு ரூபாய் சேர்த்து வாங்கினால், பாதிப் பேருக்கு வேக சார்ஜரே தேவைப்படாது. இதற்கு மானியமும் வேண்டாம், மாநாடும் வேண்டாம்.

திரும்பியது மறுநாள் சாயங்காலம், 92 சதவீதத்தோடு. விழுப்புரம் பக்கம் ஓர் இடத்தைப் பார்த்து வைத்திருந்தேன். செயலியில் பச்சை, 24 மணி நேரம் என்றும் போட்டிருந்தது. இரவு பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் வளாகத்தின் வாசலில் குறுக்கே சங்கிலி, பூட்டு. உள்ளே இருட்டில் சார்ஜரின் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. மெஷினுக்கு 24 மணி நேரம், வாசலுக்கு இல்லை. பேட்டரியில் 24 சதவீதம். டிரைவர் தம்பி சொல்லிக் கொடுத்தபடி "கடைசியாகப் போட்டது எப்போது" என்று தேடி, திண்டிவனத்தில் ஒன்று உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டு, 60-இல் ஓட்டி, ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனோம். போய்ச் சேரும்போது 10. மாமியார் வழியெல்லாம் வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டே வந்தார்.

திண்டிவனத்து மெஷின் முதல் முயற்சியிலேயே எடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் இடம்? மூடிக் கிடந்த ஷோரூமின் பின்புறம். விளக்கு கிடையாது, கழிப்பறை கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆள் கிடையாது, இரண்டு நாய்கள். என் கணவர் கூட இருந்தார். தனியாக ஒரு பெண் ஓட்டி வந்தால் அங்கே நாற்பது நிமிடம் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சர்க்கரை இருக்கும் மாமியாருக்குக் கழிப்பறை வேண்டும், பக்கத்துப் பெட்ரோல் பங்குக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம். பெட்ரோல் போடும் இடத்தில் இயல்பாக இருக்கும் வெளிச்சம், தண்ணீர், ஆள் நடமாட்டம் இதெல்லாம் சார்ஜர் வைக்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை போலிருக்கிறது. இடம் தேர்வு செய்தவர் இரவில் ஒரு முறையாவது அங்கே வந்து நின்றிருப்பாரா என்பது என் சந்தேகம்.

இப்படி இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிரிட்டனில் 2023-இல் விதி போட்டு, வேக சார்ஜர் நடத்தும் நிறுவனம் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் இயங்க வேண்டும், செயலி இல்லாமல் கார்டைத் தட்டிப் பணம் கட்ட முடிய வேண்டும், 24 மணி நேர இலவச உதவி எண் வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் நெடுஞ்சாலை சார்ஜருக்கு மத்திய அரசுப் பணம் வாங்கினால் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று நிபந்தனை. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிபந்தனை என்று ஒன்று எழுதியாவது இருக்கிறது. நம்மிடம் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு காலாண்டும் மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவைக் காட்டினால்தான் தருவேன் என்று சொன்னால் போதும். பதிவு மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. என்னிடம் ஜிஎஸ்டி பதிவு செய்திருக்கும் சின்னக் கடைக்காரர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறார், ஒரு நாள் தாமதமானால் அபராதம் கட்டுகிறார். பொதுப் பணத்தில் வந்த சார்ஜருக்கும் ஒரு ரிட்டர்ன் இருக்கட்டுமே.

இனி, போகலாமா என்று கேட்பவர்களுக்கு. சென்னை – திருச்சி மின்காரில் போகலாம், நானும் மறுபடி போவேன். பகலில் போங்கள். 40 சதவீதத்திலேயே முதல் சார்ஜரைத் தேடுங்கள், அப்போதுதான் அது ஓடாவிட்டாலும் அடுத்ததற்குப் போகத் தெம்பு இருக்கும். உணவகத்தோடு சேர்ந்த இடமாகப் பாருங்கள், ஷோரூம் பின்புறம் வேண்டாம். செயலிகளை வீட்டிலேயே இறக்கி, ஓடிபி எல்லாம் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் கேபிளை டிக்கியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் ரயில் டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

விக்கிரவாண்டி மெஷினைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு வாரத்தில் பதில் வந்தது. செயலியில் போய்ப் பார்த்தேன், இரண்டு கன்னும் பச்சை. கடைசியாக யாராவது சார்ஜ் போட்டதாகப் பதிவு எதுவும் இல்லை.